ஆட்சேபனை மனு கொடுத்தவரின் பெயர் எங்கெல்லாம் போகிறது?

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து வரும் கோரையாற்றுப் பாசனத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குக் கிழக்கே நாலு ஏக்கர் நஞ்சையை வாங்கிய ஒருவர் அதில் மனை போடப் பார்க்கிறார். அந்த வயலின் ஓரமாகத்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓடுகிறது. மண் கொட்டி மேடாக்கினால் வாய்க்கால் தூர்ந்துவிடும் என்று பக்கத்து வயல்காரர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறார். வியாழக்கிழமை காலை டீக்கடையில் மனை போடுபவரின் ஆள் வந்து, "என்னண்ணே, நம்ம மேலயே மனுவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்.

மனுவில் சொன்னது சரிதானா என்று பார்க்க இன்னும் ஓர் அதிகாரிகூட வயலுக்கு வந்திருக்க மாட்டார். கொடுத்தவர் யார் என்பது மட்டும் ஊருக்கே தெரிந்துவிட்டது. மனைப்பிரிவு, இறால் பண்ணை, மணல் குவாரி, நான்குவழிச் சாலை என்று உள்ளூரில் எந்தத் திட்டம் வந்தாலும் அதை எதிர்த்துக் கருத்துச் சொல்பவர் ஒருவர் இருப்பார். அவருடைய தனியுரிமை என்று சொல்வது இதைத்தான்: அவர் பெயர், முகவரி, போன் நம்பர் யார் கைவரை போகலாம், எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும்?

மனு இறங்கும் வழி

யாரோ காசு வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அப்படியும் நடக்கும்தான். ஆனால் வழக்கமான நடைமுறையே அதற்குப் போதும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு ஓர் எண் விழும். அப்புறம் அது சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும். நிலத்தைப் பற்றியது என்றால் கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கடைசியில் வி.ஏ.ஓ. என்று படிப்படியாக இறங்கும். மனுவின் சாரத்தை மட்டும் எடுத்து யாரும் அனுப்புவதில்லை. மனு அப்படியே போகிறது. உங்கள் கையெழுத்து, கதவு எண், கைப்பேசி எண், இணைத்திருந்தால் ஆதார் நகல், எல்லாம் சேர்ந்தே போகிறது. வி.ஏ.ஓ. விசாரிக்க வேண்டும். விசாரிக்க எதிர்த்தரப்பைக் கூப்பிட வேண்டும். வந்தவர் கேட்கும் முதல் கேள்வி "யார் சார் கொடுத்தது?" மனு மேசைமேல் விரித்தபடி கிடந்தால் அதற்குப் பதில்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு: நாமே கசியவிடுவது. மனு கொடுத்த கையோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று, மனுவை நெஞ்சுக்கு நேரே பிடித்துப் படம் எடுத்து, ஊர் வாட்ஸப் குழுவில் போடுகிறோம். பெரிதாக்கிப் பார்த்தால் கதவு எண்வரை தெரியும். கூட்ட நாளில் நிருபர்களும் அங்கேதான் இருப்பார்கள். பெயரோடு செய்தி வருவதைப் பெருமையாக நினைப்பவர்கள் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தில் கூட நிற்கும் நாலு பேருக்கும் அதே பெருமை வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

தெரிந்தால் என்ன ஆகும்?

மிரட்டல் என்றதும் அரிவாளோடு ஆள் வருவதை நினைத்துக்கொள்கிறோம். அதுவும் நடந்திருக்கிறது. டெல்டாவை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் பக்கம் கல்குவாரி முறைகேடுகளைப் பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஒருவர் 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். குவாரித் தரப்பினர் கைதானார்கள். அதை ஒதுக்கிவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது.

ஆனால் நெல் விளையும் ஊர்களில் பழிவாங்கல் பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்கக்கூட முடியாத வடிவில் வரும். அறுவடை நேரத்தில் மெஷின் உங்கள் வயலுக்கு மட்டும் வராது. வந்தாலும் இறங்கப் பக்கத்து வயல்காரர் வழிவிட மாட்டார். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் உங்கள் மடை ராத்திரியோடு ராத்திரியாக அடைபட்டிருக்கும். கொள்முதல் நிலையத்தில் உங்கள் குவியல் வரிசையில் பின்னால் தள்ளிப் போகும், வானமோ இருட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு நியாயமான காரணமும் சொல்லப்படும்.

இதில் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை என்பதுதான் முக்கியம். சொந்தமாகப் பத்து ஏக்கர் வைத்திருப்பவர் பெயர் வெளியே வந்தால் மனஸ்தாபத்தோடு போகலாம். வாய்மொழிக் குத்தகையில் சாகுபடி செய்பவருக்கு அடுத்த போகம் நிலமே கிடைக்காமல் போகலாம். குத்தகை விவசாயியைப் பாதுகாக்க 1955ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் காகிதமே இல்லாத குத்தகையை எங்கே போய் நிரூபிப்பது? கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நடவுக்கு அழைப்பு நின்றுவிடும். எனவே பெயரை வெளியிடும் ஒரே விதி ஆளுக்கு ஆள் வேறு வேறு விலை கேட்கிறது. திட்டத்தால் அதிகம் பாதிக்கப்படப் போகிறவர்தான் பெரும்பாலும் அதிக விலை கொடுக்க வேண்டியவராகவும் இருக்கிறார். அவர் வாய் திறக்காமல் இருந்துவிட்டால், "ஊரில் எதிர்ப்பு எதுவும் இல்லை" என்று கோப்பில் எழுதிவிடுவார்கள்.

அப்படியானால் பெயரே வேண்டாமா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் தன் சொந்த நிலத்தில் அரிசி ஆலை வைக்க அனுமதி கேட்கிறார். அவருக்கு எதிராக என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதே தெரியாமல் அனுமதியை மறுப்பது முறையல்ல. பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் ஒருவருக்குப் பாதகமாக முடிவெடுக்கக் கூடாது என்பது இயற்கை நீதியின் அடிப்படை. தவிர, ஆட்சேபனை எல்லாமே யோக்கியமானதும் அல்ல. போட்டி ஆலைக்காரர் பத்துப் பேரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்பலாம். பங்காளிச் சண்டை சுற்றுச்சூழல் அக்கறையாக வேஷம் போட்டு வரலாம். இறந்துபோனவர் கைநாட்டு வைத்த மனுக்கள்கூட உண்டு என்று அலுவலக வட்டாரத்தில் கிண்டலாகச் சொல்வார்கள்.

அதனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். பெயரே போடாமல் எழுதுவது ஒன்று. பெயரை முடிவெடுக்கும் அதிகாரிக்குக் கொடுத்து, அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது இன்னொன்று. முதலாவது மொட்டைக் கடுதாசி. அதை அலுவலகங்கள் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதியவருக்கும் அந்தத் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எப்படித் தெரியும்? இரண்டாவதில் அதிகாரிக்கு ஆள் யார், வயல் எங்கே, உண்மையிலேயே பாதிக்கப்படுபவரா என்று சரிபார்க்க வழி இருக்கிறது. மனை போடுபவருக்கும் பதில் சொல்லத் தேவையானது முழுதாகக் கிடைக்கிறது: "வாய்க்கால் தூர்ந்துவிடும், கடைமடைக்குத் தண்ணீர் வராது." இதற்குப் பதில் சொல்ல, சொன்னவர் வீட்டுக் கதவு எண் எதற்கு?

காரணம் திறந்திருக்கட்டும், ஆள் மூடியிருக்கட்டும். என் கட்சி இதுதான். சில இடங்களில் இது செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்சேபனை எந்த வாசல் வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

வாசலுக்கு வாசல் வேறு

நிலம் எடுப்பில் மறைக்கவே இடமில்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில், முதற்கட்ட அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் அந்த நிலத்தில் உரிமையுள்ளவர் கலெக்டரிடம் ஆட்சேபனை தரலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும்போது 1956ஆம் ஆண்டின் சட்டப்படி 21 நாள்தான். விக்கிரவாண்டி, கும்பகோணம், தஞ்சாவூர் சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு இந்த நடைமுறை அத்துப்படி. இங்கே புல எண்ணைச் சொன்னதுமே ஆள் யார் என்று தெரிந்துவிடும். உரிமை கோருவதே பெயரை வைத்துத்தான். போன் நம்பரையும் வங்கிக் கணக்கையும் மற்றவர் பார்வைக்குப் போகாமல் காக்கலாம், அவ்வளவுதான்.

ஊரின் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகும்போதும், ஒரு புல எண்ணின் நில உபயோகத்தை விவசாயத்திலிருந்து குடியிருப்பாகவோ தொழிற்சாலையாகவோ மாற்றும்போதும், நகர் ஊரமைப்புத் துறையின் கீழ் ஆட்சேபனை கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் வரும். பொடி எழுத்தில், கடைசிப் பக்கங்களில். இங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் பெயரை மறைத்து வைக்கும்படி கேட்க நிறையவே இடம் உண்டு. சாதாரண வீடு, கடை கட்ட அனுமதி கொடுக்கும்போது பக்கத்து வீட்டாரைக் கேட்கும் வழக்கம் நம்மிடம் பொதுவாக இல்லை. அங்கே நீங்களாகப் போய்க் கொடுக்கும் மனுதான் ஒரே வழி; அது மேலே சொன்ன திங்கட்கிழமைப் பாதையில்தான் இறங்கும்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன் இதை நடத்த வேண்டும் என்கிறது 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான மத்திய அரசு அறிவிக்கை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கலெக்டரோ அவர் சார்பில் கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவரோ தலைமை தாங்குவார். முழுக் கூட்டமும் வீடியோ எடுக்கப்படும். வந்தவர்கள் எல்லோருடைய வருகையும் பதிவாகி, கூட்ட நடவடிக்கைகளோடு இணைக்கப்படும். அந்த நடவடிக்கைகள் ஊராட்சி அலுவலகத்திலும் கலெக்டர் ஆபீசிலும் ஒட்டப்படும், வாரியத்தின் இணையதளத்திலும் ஏறும். நேரில் வராமல் எழுத்தில் கருத்து அனுப்பினாலும், வந்த கருத்துகள் அனைத்தையும் திட்டதாரருக்கு விரைவாக அனுப்பிவைக்க வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது.

அதாவது இங்கே உங்கள் கடிதம் கம்பெனியின் கைக்குப் போவது கசிவே இல்லை. அது விதி. ஆனால் அதே அறிவிக்கை, திட்டதாரரின் விண்ணப்பத்தில் உள்ள ரகசியத் தகவல்களை, அறிவுசார் சொத்துரிமை சம்பந்தப்பட்டவற்றை, இணையதளத்தில் போடக் கூடாது என்று கவனமாகச் சொல்லியிருக்கிறது. கம்பெனியின் ரகசியத்துக்கு ஒரு வரி ஒதுக்கியவர்களுக்கு, எதிர்த்துப் பேசிய விவசாயியின் வீட்டு முகவரிக்கும் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. எதிர்த்து எழுதினால் என்ன நடக்கும் என்று அந்த மேசையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சிறிய வகைத் திட்டங்களுக்கு, பி2 என்று பிரித்திருப்பார்கள், கருத்துக் கேட்பே கிடையாது. எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டங்களை 2020 ஜனவரியில் மத்திய அரசு அந்த வகைக்கு மாற்றியது டெல்டாக்காரர்களுக்கு மறந்திருக்காது. அடுத்த மாதமே, டெல்டாவில் அத்தகைய புதிய திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டம் நடந்தால் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறுகிறது. கூட்டமே இல்லையென்றால் எதிர்ப்பு தெருவுக்கு வரும்; தெருவுக்கு வந்தால் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறும். எது மேல் என்று கேட்டால், குறைகள் இருந்தாலும் கூட்டம்தான் மேல்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

தனியுரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். பெரிய தீர்ப்புதான். ஆனால் தாசில்தார் அலுவலகத்தில் போய் அதைச் சொல்லி மனுவை மூடி வைக்கச் சொல்ல முடியாது. அங்கே உதவக்கூடியவை இதைவிடச் சிறிய விதிகள்.

அதில் கைக்கு அடக்கமானது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 11ஆம் பிரிவு. உங்கள் மனுவின் நகலைக் கேட்டு மனை போடுபவர் ஆர்.டி.ஐ. போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனுவிலுள்ள தகவலை நீங்கள் ரகசியமாகக் கருதிக் கொடுத்திருந்தால், அதைத் தர நினைக்கும் பொதுத் தகவல் அலுவலர் 5 நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் மறுப்பைச் சொல்ல உங்களுக்கு 10 நாள் அவகாசம். அதையும் மீறித் தர முடிவெடுத்தால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். இந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. ரகசியமாகக் கருதுகிறேன் என்பது மனுவிலேயே தெரிய வேண்டும். ஒரே ஒரு வரிதான். ஆனாலும் எழுதுபவர்கள் குறைவு. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில், வெளியிட்டால் ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும் என்றால் அந்தத் தகவலைத் தர வேண்டியதில்லை என்றும் இருக்கிறது. 10ஆம் பிரிவுப்படி மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரலாம். பெயரை மறைத்துக் காரணங்களை மட்டும் கொடுக்க அது போதும்.

ஆர்.டி.ஐ. போடுபவர்களுக்கே தாக்குதல்கள் நடந்தபோது கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் ஒன்று சொன்னது: விண்ணப்பதாரர் வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுத்தால் போதும். தகவல் கேட்பவருக்குக் கிடைத்த அந்தச் சலுகை ஆட்சேபனை சொல்பவருக்கு இன்னும் பெயர் சொல்லி வரவில்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். அதை நம்பி இப்போதைக்கு உட்கார வேண்டாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. தரவைக் கையாள்பவர்களின் கடமைகளில் பெரும்பகுதிக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். தாளில் கொடுத்த மனு தாளிலேயே இருக்கும்வரை இந்தச் சட்டம் அதைத் தொடாது. ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினால்தான் தொடும். சட்டப்படி வெளியிட்டே ஆக வேண்டிய தகவலுக்கும் இது பொருந்தாது. ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டத்து வருகைப் பட்டியலை இதைக் காட்டி எடுக்கச் சொல்வது சந்தேகம்தான்.

இந்தச் சட்டம் உடனே செய்த ஒரு வேலை, ஆர்.டி.ஐ. சட்டத்தில் தனிநபர் தகவலுக்கான விலக்கை விரித்தது. ஆட்சேபனை கொடுத்தவரின் பெயரை இனி எளிதாக மறைக்கலாம், சரி. ஆனால் அதே கதவைச் சாத்தி, குவாரி அனுமதி யாருக்குப் போனது, நஞ்சையை மனையாக்க யார் கையெழுத்துப் போட்டார் என்பதையும் மறைக்கலாம். பொதுநலன் கருதித் தரலாம் என்ற உட்பிரிவு மிச்சம் இருக்கிறது, ஆனால் தருவது அதிகாரியின் மனசைப் பொறுத்தது. இந்த வரவை நான் சந்தோஷமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எளியவருக்கு நெய்த போர்வைக்குள் வலியவர் முதலில் புகுந்துகொள்வார்.

இங்கிலாந்தில் எப்படி?

அங்கே பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தால்கூட உள்ளாட்சி மன்றம் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவித்து, 21 நாள் கருத்துக் கேட்கிறது. வந்த கருத்துகளைப் பெயர், முகவரியோடு இணையத்தில் போடுவது பரவலான வழக்கம். கையெழுத்து, மின்னஞ்சல், போன் நம்பரை மட்டும் மறைத்துவிடுவார்கள். பெயரில்லாமல் வரும் கருத்துக்கு மதிப்பு ஏறக்குறைய இல்லை. முகவரி ஏன் வேண்டும் என்றால், நிழல் விழும் வீடு எது, சத்தம் கேட்கும் வீடு எது என்று அதை வைத்துத்தான் தெரியும் என்கிறார்கள். கை தவறினால் தண்டனையும் உண்டு. ஒரு விண்ணப்பத்தோடு வந்த ஆவணத்தில் ஒரு குடும்பத்தின் உடல்நலம் உள்ளிட்ட அந்தரங்க விவரங்கள் இருந்ததைக் கவனிக்காமல் இணையத்தில் போட்ட பேசில்டன் மன்றத்துக்கு 2017இல் ஒன்றரை லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. அங்கேயும் பெயரை வெளியிடுவதால் பயந்து பேசாமல் இருப்பவர்கள் உண்டு. ஆனால் எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்று எழுதி வைத்த ஒரு முறை இருக்கிறது. கருத்து எழுதும் முன்பே, இது வெளியே வரும் என்று சொல்லியும் விடுகிறார்கள். நம்மிடம் அந்த முன்னறிவிப்புகூட இல்லை. அதற்குப் பைசா செலவும் கிடையாது.

மனு எழுதும்போது

விதி மாறும்வரை, எழுதுபவரே கொஞ்சம் பார்த்து எழுத வேண்டியதுதான். என் யோசனை, மனுவை இரண்டு தாளாகப் பிரித்துவிடுவது. முதல் தாளில் ஆட்சேபனை மட்டும்: திட்டம் வரும் புல எண், வாய்க்காலின் பெயர், எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை ஏக்கர் பாசனம் பாதிக்கும், என்ன செய்யக் கேட்கிறீர்கள். இரண்டாவது தாளில் உங்கள் பெயர், முகவரி, கைப்பேசி எண், கையெழுத்து. அதன் தலையில் இப்படி எழுதுங்கள்: "இத்தாளில் உள்ள விவரங்களை நான் ரகசியமாகக் கருதுகிறேன். அலுவலகச் சரிபார்ப்புக்கு மட்டுமே தருகிறேன். திட்டதாரருக்கோ பிறருக்கோ தர வேண்டாம். விசாரணைக்கு அனுப்பும்போது முதல் தாளை மட்டும் அனுப்பக் கோருகிறேன்." இதற்கு அதிகாரி கட்டுப்படுவார் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் நகல் எடுப்பவருக்கு ஒரு தாளை உருவி வைப்பது சுலபம், பெயரைத் தேடித் தேடி அடிப்பது கஷ்டம். அப்புறம் ஆர்.டி.ஐ. 11ஆம் பிரிவுக்கான அந்த ஒரு வரியும் இதிலேயே வந்துவிடுகிறது. ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

முதல் தாளிலும் கவனம் வேண்டும், ஆள் அங்கேதான் தன்னை அறியாமல் வெளியே வருவார். "என் மகள் டியூஷன் முடிந்து சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வழியாகத்தான் தனியாக வருகிறாள்" என்று எழுதுபவர் லாரிப் போக்குவரத்தின் ஆபத்தைத்தான் சொல்ல வருகிறார். ஆனால் முகம் தெரியாத ஒருவருக்குத் தன் மகளின் நேரத்தையும் பாதையையும் சொல்லிவிட்டார். "பள்ளிப் பிள்ளைகள் மாலை நேரத்தில் இந்தப் பாதையில்தான் வருகிறார்கள்" என்றால் விஷயமும் குறையாது. அப்பாவுக்கு ஆஸ்துமா என்பதும் அப்படித்தான். "மூச்சுத் தொல்லை உள்ள முதியவர்கள் தெருவில் இருக்கிறார்கள்" போதும். ஆதார் நகலைக் கேட்காமலே இணைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆதார் வேண்டும் என்று அலுவலகம் வற்புறுத்தினால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ஆதாரைத் தரவிறக்கிக் கொடுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்து வருகைப் பதிவேட்டில் போன் நம்பருக்கு ஒரு பத்தி இருந்தால் அதைக் காலியாக விடலாம். 2006 அறிவிக்கை வருகையைத்தான் பதியச் சொல்கிறது, போன் நம்பரைக் கேட்கவில்லை.

ஒற்றை ஆளாகப் போகாமல் இருப்பது இன்னும் நல்லது. கிராம சபைத் தீர்மானம் ஊராட்சியின் குரல்; அதை யார் முன்மொழிந்தார் என்று துருவினாலும் தீர்மானம் ஊருடையது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், விவசாயிகள் சங்கம் பெயரில் கொடுக்கலாம். கூட்டு மனு என்றால் முதல் கையெழுத்து யாருடையது என்று யோசியுங்கள். அலுவலகம் அவரைத்தான் மனுதாரராக எடுத்துக்கொள்ளும், கடிதமும் கோபமும் அவர் வீட்டுக்குத்தான் போகும். நிலத்துக்கும் கூலிக்கும் யாரையும் அண்டியிராத ஒருவர், பென்ஷன் வாங்கும் வாத்தியார் போல, முதலில் போடட்டும். குத்தகைக்காரரை முதல் வரிசையில் நிறுத்தாதீர்கள்.

நீதிமன்றம் வரை போனால் மனுதாரர் பெயர் வழக்கின் தலைப்பிலேயே வந்துவிடும். நாகப்பட்டினம் கடலோரத்து இறால் பண்ணைகளை எதிர்த்துக் கிராம சுயராஜ்ய இயக்கத்தின் சார்பில் வழக்குத் தொடுத்தது சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அந்த வழக்கு இன்றும் அவர் பெயரிலேயே குறிப்பிடப்படுகிறது. உப்பேறிய நிலத்தில் கூலியிழந்த எத்தனையோ பேர் தங்கள் பெயரைப் போட வேண்டியிருக்கவில்லை, ஊரறிந்த ஒருவர் தன் பெயரைக் கொடுத்ததால். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துச் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போவதானாலும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போவது நல்லது. அங்கே மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம். போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்கலாம்.

ஏற்கனவே வெளியே வந்துவிட்டதா? இணையத்தில் முகவரியோ போன் நம்பரோ ஏறியிருந்தால், பக்கத்தின் படத்தைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டு, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அந்த விவரங்களை மட்டும் மறைத்து மறுபடி ஏற்றக் கேட்டு எழுதுங்கள். ஆட்சேபனையையே எடுக்கச் சொல்லிவிடாதீர்கள், அது கோப்பில் இருந்தாக வேண்டும். மிரட்டல் வந்தால் யார், எப்போது, யார் முன்னிலையில் என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எழுதி வைத்து, ஸ்டேஷனில் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். குற்ற மிரட்டல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் வருகிறது. அந்தப் புகாரின் நகலைக் கலெக்டருக்கும் அனுப்பி, எந்த மனு எண்ணை ஒட்டி இது நடந்தது என்று குறிப்பிடுங்கள். அந்த எண் எந்தெந்த மேசைக்குப் போனது என்பது அலுவலகத்தின் பதிவேட்டிலேயே இருக்கும்.